வந்தியின் பங்கு

விழா மலர்களைப் புரட்டிப் பார்த்தால் மேடையின் படங்களே மிகுதியாகக் காணப்படும். குத்துவிளக்கு ஏற்றுவோர், பொன்னாடை பெறுவோர், நாட்டிய உடையில் நிற்கும் சிறுமியர், பரிசுக் கோப்பையை உயர்த்திப் பிடிக்கும் சிறுவர் என எல்லாரும் அங்கே இருப்பர். பந்தலின் ஓரத்தில், மூங்கில் தட்டிக்குப் பின்னால், இட்லிக் கொப்பரையின் ஆவியில் முகம் மறைய நிற்கும் முதியோரின் படம் மட்டும் இராது. அவர்கள் யாருக்காக அங்கே நிற்கிறார்கள், அவர்கள் ஈட்டும் பணம் எங்கே போகிறது, அதை எவ்வாறு பங்கிடுவது என்பவை சிறிய வினாக்களாகத் தோன்றும். வெளியூரில் வாழும் தமிழர் ஒரு சமூகமாக வாழ்கின்றனரா, அல்லது ஒரே மொழி பேசும் தனித்தனிக் குடும்பங்களாக வாழ்கின்றனரா என்பதற்கு அந்தத் தட்டிக்குப் பின்னால்தான் தெளிவான விடை கிடைக்கிறது என்பது எங்கள் கருத்து.

தென் டில்லியில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் வாழ்பவர்கள் நாங்கள். தை பிறந்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் குடியிருப்பின் திடலில் பொங்கல் விழா நடத்துவது எங்கள் வழக்கம். அவ்விழாவில் ஓர் உணவுக் கடை உண்டு. அதன் வருவாய் பிள்ளைகளின் சிலம்பக் குழுவுக்கு உரியது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதைத் தொலைக்காட்சியில் கண்ட எங்கள் பிள்ளைகள் தாங்களும் கற்க வேண்டும் என்றனர். ஞாயிறுதோறும் காலையில் வந்து கற்பிக்க ஓர் ஆசானும் கிடைத்தார். ஓராண்டுக்குள் 14 பிள்ளைகள் கொண்ட குழு உருவாயிற்று. ஆசானின் போக்குவரத்துச் செலவு, கம்புகள், சீருடை, வெளியூர்ப் போட்டிக்குச் செல்லும் இரயில் கட்டணம் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தக் கடையே வழி.

கடையில் நிற்போர் பெரும்பாலும் பிள்ளைகளின் தாத்தாக்களும் பாட்டிமாரும். இது டில்லித் தமிழர் வாழ்வில் நேர்ந்துள்ள ஒரு மாறுதலைக் காட்டுகிறது. தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு 1911 டிசம்பரில் வெளியாயிற்று. 1931-இல் புதுடில்லி திறந்து வைக்கப்பட்டது. அக்காலந்தொட்டு அரசு அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் பணியாற்றத் தென்னாட்டிலிருந்து வந்தோர் பலர். அவர்கள் 1946-இல் டில்லித் தமிழ்ச் சங்கத்தை நிறுவினர். இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973-இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாத சுவாமி கோவிலும் பலர் கூடிச் செய்த பணியால் எழுந்ததே. ஆனால் அந்தத் தலைமுறையினரின் பெற்றோர் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். மகன் பணம் அனுப்பினான். விடுப்புப் பயணச் சலுகை கிடைத்த ஆண்டில் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனான். இன்றோ கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கின்றனர். ஊரில் நிலமும் குறைந்தது, துணையும் குறைந்தது. ஆகவே தாத்தாவும் பாட்டியும் டில்லிக்கே வந்து தங்குகின்றனர். காலையில் பள்ளிப் பேருந்துவரை பேரனின் பையைச் சுமப்பவரும், மாலையில் சிலம்பப் பயிற்சித் திடலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு காத்திருப்பவரும் அவர்களே. கடைக்கு ஆள் வேண்டும் என்றபோது அவர்கள் முன்வந்தது இயல்பேயாகும்.

எனினும் உணவை விற்பதில் அவர்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய சத்திய தருமச் சாலையின் அடுப்பு இன்றும் பசித்து வருவோர்க்காக எரிகிறது. இத்தகைய மரபில் வளர்ந்தவர்களை "மூன்று இட்லி 40 ரூபாய்" என்று கூவச் சொன்னால் நா எளிதில் எழாது. எங்கள் அன்னையார் மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். கடைக்குள் வந்து வேலை செய்ய அவர் உடனே இசைந்தார். காசு வாங்கும் இடத்தில் நிற்க மட்டும் மறுத்தார். "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட சாப்பாட்டுக்குக் காசு கேக்குற மாதிரி இருக்குப்பா" என்றார்.

ஆயினும் உணவு விற்றோரைத் தமிழ் மரபு ஒதுக்கி வைக்கவில்லை. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும் சிலப்பதிகாரம், பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் விற்கும் கூவியரையும் நகரத்தின் பிற தொழிலாளரோடு ஒருங்கே வைத்துப் பேசுகிறது. மதுரையில் பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்காக இறைவனே கூலியாளாக வந்தான் என்பது திருவிளையாடற் புராணம் கூறும் செய்தி. அன்னையாருக்கு அந்தக் கதை மனப்பாடம். "வந்தியும் வித்தவதானே" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, நண்பகலுக்குள் காசு மேசைக்கும் வந்துவிட்டார். அன்று அவர் அக்கதையைத் தம் தயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளவே நினைத்தார். அது எங்கள் வழக்கு ஒன்றையும் தீர்க்கப்போகிறது என்பதை அப்போது எவரும் அறியோம். அதற்குமுன் கடையின் தொழிலைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

டில்லியின் ஜனவரிக் குளிரில் இட்லி மாவு புளிப்பது எளிதன்று. ஊரில் 8 மணி நேரத்தில் பொங்கி மூடியைத் தள்ளும் மாவு, இங்கே ஓரிரவு முழுவதும் வைத்தாலும் அசையாமல் கிடக்கும். ஆகவே பாட்டிமார் வெள்ளிக்கிழமை இரவே அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்தனர். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அதனோடு சிறிது வெந்தயம். சனிக்கிழமை காலையில் நான்கு வீடுகளின் கிரைண்டர்கள் ஓடின. அரைத்த மாவில் உப்பிட்டுக் கையாலேயே கலந்தனர். கரண்டியால் கலந்தால் குளிர்காலத்தில் மாவு எழாது என்பது அவர்கள் துணிபு. பாத்திரங்களைப் பழைய கம்பளியால் சுற்றினர். ஒரு வீட்டில் கோதுமை மாவுப் பீப்பாய்க்குள் வைத்தனர். மற்றொரு வீட்டில் குளியலறை வெந்நீர்க் கலத்தின் அருகில் வைத்தனர். ஏறத்தாழ 20 மணி நேரம் கழித்து, ஞாயிறு விடியலில், நான்கு வீடுகளிலும் மாவு எழுந்திருந்தது. 16 கிலோ அரிசியும் 4 கிலோ உளுந்தும் 800 இட்லிகளாக மாறின.

தாத்தாக்கள் வடைக்கும் சுண்டலுக்கும் பொறுப்பேற்றனர். இட்லியைவிடச் சாம்பாரையே வடநாட்டு அன்பர்கள் மிகுதியாகக் கேட்பர் என்பதால், ஊர்க் கணக்கைப் போல் இருமடங்கு சாம்பார் கொதித்தது. பனி விலகாத முற்பகலில் சுக்குக் காப்பியே முதலில் தீர்ந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழித் தட்டு, குவளை, கரண்டி ஆகியவை 2022 ஜூலை முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளன. எனவே இலைத் தொன்னைகளும் மரக் கரண்டிகளும் வாங்கினோம். தொன்னையைக் கண்டதும் பெரியவர்களுக்குக் கோவில் பிரசாதம் நினைவுக்கு வந்தது. சர்க்கரைப் பொங்கலை அள்ளி வைக்கும்போது அவர்கள் கை விலைக்கு உரிய அளவைக் கடந்துவிடும். பொருளாளர் இருமுறை எச்சரித்தும் பயனில்லை.

பணம் வாங்கும் இடத்தில் வேறொரு புதுமை நிகழ்ந்தது. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையால் இப்போது திருவிழாக் கடையில் சில்லறை பார்ப்பதே அரிதாகிவிட்டது. வாங்குவோர் அட்டையிலுள்ள கட்டத்தைக் கைப்பேசியில் காட்டிப் பணம் செலுத்துகின்றனர். பணம் வந்து சேர்ந்ததும் மேசைமீதுள்ள சிறு ஒலிபெருக்கி தொகையை இந்தியில் அறிவிக்கிறது. அன்னையார் டில்லிக்கு வந்து நான்காண்டுகள் ஆகியும் இந்தியில் ஒரு சொல்லும் பேசியதில்லை. காய்கறிக்காரரிடமும் விரலால்தான் கணக்குச் சொல்வார். அன்று அந்த ஒலிபெருக்கியே அவருக்கு ஆசிரியராயிற்று. சாலீஸ், அஸ்ஸீ, ஏக் ஸௌ பீஸ் என்று 40-இன் மடங்குகள் மாலைக்குள் அவருக்கு மனப்பாடமாயின. ஒரு தொன்னைக்கு ஒன்று, இரண்டு தொன்னைக்கு மற்றொன்று என்று பொருளோடு கற்றதால் பிழை நேரவில்லை. வீட்டில் தொலைக்காட்சியின் எதிரே ஓர் ஓரத்தில் அமர்ந்திருக்கும் பாட்டி, முன்பின் அறியாத மனிதரிடம் தலை நிமிர்ந்து கணக்குச் சொல்வதை எங்கள் மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். பேரப்பிள்ளைகளுக்காகச் செய்யும் பணி என்று நாம் சொல்கிறோம். செய்பவருக்கும் அது திரும்பக் கிடைக்கிறது. வெளியூரில் முதியோர்க்கு உணவும் மருந்தும் கிடைத்துவிடும். 'உங்களால்தான் இது ஆகும்' என்ற சொல் எளிதில் கிடைப்பதில்லை.

இனி வழக்குக்கு வருவோம். 2025 ஜனவரி விழாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன் கடைக் குழுவின் கூட்டம் நடைபெற்றது. அவ்வாண்டு கோடை விடுமுறையில் தமிழ்நாட்டில் ஒரு சிலம்பப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. இரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. ஆதலால் மார்ச்சு மாதத்தில் பணம் கையில் இருக்க வேண்டும். குடியிருப்பில் முன்பு வேறொரு நிகழ்ச்சிக்கு வகுத்த விதியை இதற்கும் கொள்ளலாம் என்றனர். அவ்விதி எளியது. கடைப்பணி மூன்று மணி நேரப் பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதி நின்றவருக்கு ஒரு புள்ளி. செலவு போக எஞ்சும் தொகை புள்ளிகளின்படி பிரிக்கப்பட்டு, அவரவர் வீட்டுப் பிள்ளையின் பயணக் கணக்கில் வரவு வைக்கப்படும். கணக்கு எழுதும் பொறுப்பு, தொழில் பழக்கத்தைக் கருதி, எங்களிடம் வந்தது.

பட்டியலை எழுதிப் பார்த்தபோது அதன் விளைவு தெரிந்தது. தாத்தா, பாட்டி, அத்தை என்று நால்வர் உள்ள வீட்டுக்கு எட்டுப் புள்ளிகள் வரும். அந்தப் பிள்ளை ஏறக்குறையக் கட்டணமின்றியே பயணம் செய்யும். இரண்டு பெயர்களுக்கு எதிரே எதுவும் எழுத இயலவில்லை. அவ்விருவரும் உடன்பிறந்தோர், எங்கள் குடியிருப்பைச் சேர்ந்தவர்களல்லர். அவர்கள் வீடு ஜங்புராவில் பாராபுலா வாய்க்காலை ஒட்டியிருந்த மதராசி முகாமில் இருந்தது. தாயார் எங்கள் குடியிருப்பில் மூன்று வீடுகளில் சமையல் செய்பவர். தந்தை வாடகை வண்டி ஓட்டுபவர். சமையல் செய்பவருக்கு விழா நாளில்தான் வேலை மிகுதி. வண்டி ஓட்டுபவருக்கு ஞாயிற்றுக்கிழமையில்தான் வருவாய் மிகுதி. பாட்டி கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊரில் இருக்கிறார். விதிப்படி அந்தப் பிள்ளைகளின் கணக்கில் விழுவது சுழி.

இதை எடுத்துரைத்தபோது கூட்டம் சற்று நேரம் பேசவில்லை. பின்பு பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற பொருளாளர் தம் கருத்தைச் சொன்னார். அதை இரக்கமற்ற பேச்சு என்று தள்ளிவிட முடியாது. "எல்லாம் பொதுக் கணக்கு என்றால் வேலைக்கு யார் வருவார்? நான் பல சங்கங்களில் பார்த்துவிட்டேன். பத்துப் பேர் செய்வார்கள், நாற்பது பேர் பயன் பெறுவார்கள். மறு ஆண்டு அந்தப் பத்துப் பேரும் வரமாட்டார்கள். உழைத்தவருக்கு உழைப்பின் பயன் என்பதுதானே நீதி? அந்த இரண்டு பிள்ளைகளுக்கு வேண்டுமானால் தனியாக நன்கொடை வசூலித்துக் கொடுப்போம்" என்றார்.

தலைகள் அசைந்தன. நன்கொடை என்ற சொல் எல்லாருக்கும் எளிய வழியாகத் தோன்றியது. அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த எங்கள் அன்னையார் எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசியது அதுவே முதன்முறை.

"ஐயா, நீங்க படிச்சவங்க. எனக்கு வந்தி கதைதான் தெரியும். வைகையில வெள்ளம் வந்து கரை ஒடஞ்சப்ப, வீட்டுக்கு ஒரு பங்கு அடைக்கணும்னு ராசா சொன்னாரு. வந்திக்கு ஆளில்ல. அவளுக்கு யாரும் நன்கொடை குடுக்கல. அவ பங்கை அவ பேராலதான் ஒருத்தன் வந்து அடைச்சான். உதுந்த பிட்டுதான் கூலி. அந்த ரெண்டு புள்ளைக பேருக்கு நேரா நான் நிக்கிறேன். என் பேத்திக்கு மூணு மணி நேரம், அதுகளுக்கு மூணு மணி நேரம். எழுதிக்கிருங்க."

கதையை யாவரும் அறிவர். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது 61-ஆம் படலம். அரிமர்த்தன பாண்டியன் காலத்தில் வைகை பெருக, உடைப்பைக் குடிமக்கள் அனைவர்க்கும் பங்கிட்டனர். பிட்டு விற்கும் வந்திக்கும் ஒரு பங்கு வந்தது. அவளுக்கு மக்களும் இல்லை, சுற்றமும் இல்லை. சொக்கநாதர் கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டை வாங்கியுண்டு, வேலை செய்யாமல் ஆடியும் உறங்கியும் கிடந்தார். பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி எல்லா உயிர்மேலும் பட்டது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இது நடித்துக் காட்டப்படுகிறது. அடி எல்லார்மேலும் பட்டது என்னும் முடிவையே நாம் வியந்து பேசுவது வழக்கம். அன்னையார் சுட்டியது கதையின் தொடக்கத்தை. வந்தியை வேலையிலிருந்து விலக்கவில்லை. அவள் பங்கைத் தருமக் கணக்கில் எழுதவும் இல்லை. அவள் பெயர் பட்டியலில் நின்றது; பணி வேறொருவர் தோளில் நடந்தது. நன்கொடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டு பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். நன்கொடையில் செல்பவர் பிறர் தயவில் செல்பவர். பங்கில் செல்பவர் குழுவில் ஒருவர்.

கூட்டத்தில் இருந்த மற்றொரு நண்பர் அண்மையில்தான் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கித் திரும்பியவர். அங்கே பேரன் பள்ளி இசைக்குழுவில் ஊதுகுழல் வாசிக்கிறான். வெள்ளிக்கிழமை இரவுகளில் பள்ளியின் கால்பந்தாட்டம் நடைபெறும்போது, விளையாட்டரங்கின் சிற்றுண்டிச் சாளரத்தில் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் நின்று சோளப்பொரியும் குளிர்பானமும் விற்று இசைக்குழுவுக்குப் பணம் சேர்ப்பார்களாம். இவரும் நான்கு வாரம் பொரி மடித்துக் கொடுத்திருக்கிறார். அங்கும் இதே வழக்கு உண்டு என்றார் அவர். பின்னர் நாங்கள் படித்தறிந்ததும் அதையே உறுதி செய்தது. வர்ஜீனியாவில் பிள்ளைகளின் சீருடற்பயிற்சிக்கு உதவும் பெற்றோர் கழகம் ஒன்று, பொருள்கள் விற்றுத் திரட்டிய ஆதாயத்தை, உழைத்த பெற்றோரின் புள்ளிக் கணக்கில் அவரவர் பிள்ளைக்கே வரவு வைத்தது. உழைக்காதவர் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இது பொதுநலமாகாது, தனிப்பட்டோர் நலமே என்று கூறி அக்கழகத்தின் வரிவிலக்கை அரசு நீக்கியது. 2013-இல் அந்நாட்டு வரி நீதிமன்றமும் அரசின் முடிவே சரி என்று தீர்ப்பளித்தது. பேரனுக்காக ஒருவர் செய்யும் உழைப்பில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பொதுப்பணி என்னும் பெயரில் செய்வதானால் பயனும் பொதுவாக வேண்டும் என்பதே அதன் சாரம். சட்டம் படித்த நீதிபதி வந்து சேர்ந்த இடத்துக்கு, எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு மூதாட்டி பிட்டுக் கதையின் வழியே வந்து சேர்ந்திருந்தார்.

பொருளாளர் பிடிவாதக்காரர் அல்லர். இரு கருத்துகளையும் இணைத்து ஒரு வழி கண்டவரும் அவரே. யார் எத்தனை மணி நேரம் நின்றார் என்பது முன்போலவே எழுதப்படும். சோம்பியிருப்போர் பெயர் எல்லார்க்கும் தெரியும். பணம் மட்டும் ஒரே கணக்காக இருக்கும். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் இரண்டு பகுதி நேரப் பணி உண்டு. வீட்டில் ஆளில்லையேல் பிறர் அப்பெயரில் நிற்கலாம். இந்த ஏற்பாட்டை எல்லாரும் ஒப்பினர் என்று சொல்ல இயலாது. இரண்டு குடும்பத்தார் தங்கள் மாலைப் பணியை விலக்கிக்கொண்டனர். அந்த இடங்களை நிரப்ப மற்ற தாத்தா பாட்டிமார் இருமுறை நின்றனர். ஒருவருக்கு முழங்கால் வீங்கியது. பொருளாளர் அஞ்சியது முற்றும் பொய்யாகவில்லை. முற்றும் உண்மையாகவும் இல்லை.

விழா நாளில் அந்தச் சிறுவன் பயிற்சி ஆட்டம் முடிந்ததும் கையில் கம்போடு கடைக்கு வந்து, "என் பேருக்கு நீங்கதான் நிக்கிறீங்களா, பாட்டி? நான் என்ன செய்யணும்?" என்று கேட்டான். "அந்தக் கூலியாள் வேலைக்கு வந்துட்டு ஆடிக்கிட்டிருந்தான். நீ ஆடுறதுதாண்டா வேலை, போ" என்று சொல்லிச் சிரித்தார் அன்னையார். அவன் சிரித்துக்கொண்டே ஓடினான்.

அவனுடைய தாயார் இரவு ஒன்பதரை மணிக்கு வந்தார். மூன்று வீட்டு வேலையும் முடித்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கடை மூடியாகிவிட்டது, கொப்பரைகளும் சாம்பார்ப் பாத்திரங்களும் எண்ணெய்ச் சட்டிகளும் குவிந்து கிடந்தன. மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றும் பேசாமல் புடைவையைச் செருகிக்கொண்டு துலக்க அமர்ந்தார். தடுத்தோம். "அம்மா எம் புள்ளைங்க பேருக்கு நின்னாங்க. பேருக்கு நேரா எங்கையாலயும் கொஞ்சம் இருக்கட்டுங்க" என்றார். அன்னையாரும் அருகில் அமர்ந்துகொண்டார். அந்தக் குளிரில் இரண்டு மணி நேரம் பாத்திரம் துலக்கப்பட்டது.

பணிப் பட்டியலை அன்றிரவு மீண்டும் எடுத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை நான்கு பகுதிகள் அதில் இருந்தன. கடை மூடியபின் நடக்கும் வேலைக்கு அதில் வரிசையே இல்லை. அரசு ஊழியர் வீடுகளில் எந்நேரம் ஓய்வோ அந்நேரத்தை ஒட்டியே பட்டியல்கள் எழுதப்படுகின்றன. பிறர் வீட்டில் சமைப்பவருக்கு அந்நேரம் ஓய்வில்லை என்பதனாலேயே அவர் உழைக்காதவராகத் தோன்றுகிறார். அவருக்கு இயன்ற நேரம் ஒன்று உண்டு. செய்யத் தெரிந்த வேலையும் உண்டு. பட்டியலில் இடமிருந்தால் அவரும் பங்காளரே. ஐந்தாம் வரிசை ஒன்றைக் கோடிட்டு, 'பாத்திரம் துலக்குதல், இரவு 9 முதல் 12 வரை' என்று எழுதி, அவர் பெயரை அதில் பொறித்தோம்.

செலவு போக மிஞ்சிய தொகை குளிர்பதனப் பெட்டிக்குப் போதவில்லை. புள்ளிக் கணக்கு இருந்திருந்தால் சில பிள்ளைகள் குளிர்பதனப் பெட்டியிலும், சில பிள்ளைகள் சாதாரணப் படுக்கைப் பெட்டியிலும் சென்றிருப்பர். இருவர் வீட்டில் இருந்திருப்பர். மே மாதத்தில் 14 பேரும் தமிழ்நாடு விரைவு வண்டியில் ஒரே படுக்கைப் பெட்டியில் ஏறினர். சென்னைக்குச் சுமார் 2180 கிலோமீட்டர். நாகபுரி வெயிலில் பெட்டி அடுப்பாகக் காய்ந்ததாம். கம்புகளை இருக்கைக்கு அடியில் நீளவாட்டில் அடுக்கி, ஈரத் துண்டைச் சன்னலில் கட்டிப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போனதாக உடன் சென்ற ஆசான் சொன்னார். பெரிய பரிசு எதுவும் வரவில்லை. திரும்பி வந்தபின் பிள்ளைகள் பேசியதெல்லாம் அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

அவர்கள் திரும்பிய சில நாட்களில், 2025 ஜூன் 1 அன்று, மதராசி முகாம் இடிக்கப்பட்டது. பாராபுலா வாய்க்காலைச் சீர்செய்வதற்காக உயர்நீதிமன்ற ஆணையின்படி நடந்த செயல் அது. தகுதியுடையோர் எனக் கொள்ளப்பட்ட குடும்பங்களுக்கு டில்லியின் வடகோடியில் நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகளின் குடும்பமும் அங்கே சென்றது. இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு வர அவர்கள் விடியுமுன் கிளம்ப வேண்டும். இரு வண்டி மாற வேண்டும். ஆயினும் மாதத்தில் இரண்டு முறையேனும் வருகின்றனர். 'தூரமாகிவிட்டார்கள், இனி நீக்கிவிடலாம்' என்று எவரும் சொல்லவில்லை. அவர்கள் குழுவின் பங்காளர். பங்காளரைத் தூரம் நீக்காது. அடுத்த விழாவின் பணிப் பட்டியலிலும் அவ்விரு பெயர்களும் அகர வரிசைப்படி தத்தம் இடத்தில் நின்றன. அவற்றுக்கு நேரே இம்முறை நின்றவர் பொருளாளர்.

பாரதத்தின் பல நகரங்களிலும் தமிழ்ச் சங்கங்கள் விழா எடுக்கின்றன. பிள்ளைகளின் கலைக்கும் விளையாட்டுக்கும் கடை போடுகின்றன. அவற்றை நடத்தும் அன்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. முதியோரைக் கடையின் பின்னால் மட்டும் நிறுத்தாமல் முன்னாலும் நிறுத்துங்கள். அவர்களுக்குத் தெரிந்தவை மாவோடு முடிந்துவிடவில்லை. உழைப்பின் கணக்கை ஒழுங்காக எழுதுங்கள். ஆனால் அதைக் கொண்டு பிள்ளைகளை எடை போடாதீர்கள். பணிப் பட்டியல் எழுதும்போது, நமக்கு ஓய்வில்லாத நேரத்திலும் ஒரு வரிசை விடுங்கள். அந்நேரத்தில் வரக்கூடியவர் ஒருவர் எங்கேனும் இருப்பார்.

கரையின் இயல்பு ஒன்று உண்டு. எல்லாரும் தத்தம் பங்கை அடைத்துவிட்டு, ஆளில்லாத வந்தியின் பங்கை மட்டும் திறந்தபடியே விட்டால், வைகை அவள் குடிசையைத் தேடிப் பிடித்து நுழையாது. அந்த உடைப்பின் வழியே மதுரை முழுவதும் புகும்.